நான் கூப்பிட்டது ஒரு தடவைதான்

எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடை அண்ணாச்சிக்குக் கணக்கு நோட்டு கிடையாது. காலியான சிகரெட் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டி, உள்பக்க வெள்ளை அட்டையில்தான் கடன் எழுதுவார். ஆளுக்கு ஓர் அட்டை, எல்லாம் ஒரு கம்பியில் குத்தியிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து காலண்டர் சீசன் பணம் கைக்கு வந்ததும் என் பாக்கியைத் தீர்க்கப் போனேன். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். கூட்டிச் சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டார். "வச்சுக்கிடுங்க, ஞாபகத்துக்கு" என்று சிரிப்பு வேறு.

திருப்பிப் பார்த்தேன். மேலே அந்தக் கோரமான படம். கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. இன்றே விடுங்கள், அழையுங்கள், 1800-11-2356.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை, பார்க்கிறவன். பதினெட்டு வருஷமாக எழுத்தையும் கட்டத்தையும் பார்த்தே பிழைப்பு. கறுப்புத் தரையில் சின்ன வெள்ளை எழுத்து போட்டால் இங்க் ஏறி அடைத்துக்கொள்ளும் என்று கஸ்டமரோடு மல்லுக்கட்டுகிற ஆள். அப்படிப்பட்டவன் கண்ணில் இந்த எண் அதுவரை படவே இல்லை. புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவுகிற அரசாங்கத் தொலைபேசி எண் அது. 2018 செப்டம்பரிலிருந்து பாக்கெட்டில் இந்த எண் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே, 2016-இலிருந்து, அட்டையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படத்துக்கு. எல்லாம் சரி, ஆனால் நான் பாக்கெட் வாங்கினால்தானே? எப்போதும் ஒத்தை சிகரெட்தான். அண்ணாச்சி உருவி நீட்டுவார், கடையில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அரசாங்கம் புகைப்பவனுக்கு எழுதிய கடிதத்தைக் கடைக்காரர்தான் தினம் படித்துக்கொண்டிருக்கிறார்.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உடனே கூப்பிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கூப்பிடவில்லை. பதினைந்து நாள் அது பையிலேயே கிடந்தது, ஒருமுறை துவைப்புக்கும் போய் வந்தது.

அதற்கு முன்னால் நான் விட்ட கதைகளைச் சொல்ல வேண்டும். புத்தாண்டுச் சபதங்களை விட்டுவிடலாம், அவை மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. உருப்படியாக விட்டது ஐயப்பனுக்கு மாலை போட்ட மூன்று வருஷங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மண்டலம், ஒரு தம் கிடையாது. பெரிய கஷ்டமும் இல்லை. தெருவில் எதிர்ப்படுகிறவன் "சாமி" என்று கூப்பிடுகிறான். டீக்கடையில் நமக்கென்று தனி டம்ளர். என்னோடு சேர்ந்து தினம் நாலு தம் போடுகிற மெஷின்மேன், மாலையைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். ஊரே சேர்ந்து நம்மைக் காவல் காக்கிறது. மலையிறங்கி, திரும்பும் வழியில் வேன் கம்பத்தில் டீக்கு நிற்கும். அங்கே முதல் சிகரெட். மூன்று வருஷமும் அதே ஊர். நாற்பது நாளாக உடம்பு கேட்காத ஒன்றை, கேட்க ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பற்றவைத்தேன் என்பது அப்போது புரியவில்லை.

என் அப்பா பீடி குடித்தவர். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டிய அன்று சாயங்காலம் பீடிக்கட்டைக் கிணற்றில் போட்டார், அவ்வளவுதான், சாகும்வரை தொடவில்லை. உதவி ஏதும் இல்லாமல் இப்படி விடுகிறவர்கள் எக்கச்சக்கம், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்பா மாதிரி ஓர் ஆள் வீட்டில் இருந்தால் மகன் பாடு திண்டாட்டம். "மனசு வச்சா முடியும்" என்பார். முடியாதபோதெல்லாம் என் மனசு மட்டமானது என்று அர்த்தமாகிவிடும்.

சரி, போனுக்கு வருகிறேன். இரண்டு தடவை எண்ணை அடித்து, மணி போகும்போதே வெட்டிவிட்டேன். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்றாவது முறை அச்சக மொட்டைமாடியில், பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அடித்தேன். எந்த மொழி என்று கேட்டது, தமிழ் என்று அமுக்கினேன். ஒரு பெண் குரல். தமிழ்தான், ஆனால் பெங்களூர்த் தமிழ், ஒவ்வொரு வாக்கியமும் லேசாக மேலே தூக்கி முடியும். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: இந்தச் சேவை 2016 மே 30 அன்று டெல்லியில் வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் தொடங்கியது. 2018-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குவாஹாட்டியில் புவனேஸ்வர் பரூவா புற்றுநோய் மையம் என்று விரித்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிறவர்களுக்குப் பெங்களூர்.

நுரையீரல், தார், புற்றுநோய் என்று தொடங்குவார், கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அந்தப் பாடம் வரவே இல்லை. கேள்விகள்தான். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, முன்னால் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா. "காலைல கண்ணு முழிச்சு எத்தனை நிமிஷத்துல மொத சிகரெட் சார்?"

"டீ குடிச்சதும்."

"டீ எப்ப சார்?"

"எந்திரிச்சதும்."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது. இந்தக் கேள்வி சும்மா கேட்பது இல்லை. ஃபேகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் உளவியலாளர் பெயரால் வழங்கும் ஒரு சோதனை உண்டு, அதில் எத்தனை சிகரெட் என்பதற்கு இணையான எடை இந்தக் கேள்விக்கு. நிக்கோட்டின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுகிறவன் உடம்பு காலையில் கிட்டத்தட்டக் காலி. எழுந்த ஐந்து நிமிஷத்துக்குள் அது கேட்டால் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள்.

எதற்காக விடவேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றார். படியேறினால் இளைக்கிறது என்றேன். "வேற சார்?" காசு என்றேன். "வேற?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம், யாரிடமும் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. ஏழாவது படிக்கிற என் மகள், என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பேனாவை முதலில் மோந்து பார்ப்பாள், அப்புறம்தான் எழுதுவாள். அவள் அதை வேண்டுமென்று செய்வதுகூட இல்லை. அந்தம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எழுதிக்கிறேன் சார்" என்றார். அவ்வளவு போதுமாக இருந்தது. முகம் தெரியாத, என் சாதிசனத்துக்கும் ஆபீசுக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தர். அவரிடம் ஆம்பளை என்று காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நேரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

மாலை போட்ட கதையையும் சொன்னேன். கம்பம் டீக்கடையை நான் தோல்வியாகச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. மூன்று தடவை நாற்பது நாள் இருந்தவர் நீங்கள், அந்த நாற்பது நாளில் என்ன செய்தீர்கள் என்று அதையே குடைந்து குடைந்து கேட்டார்.

பிறகு, நாள் குறிக்கச் சொன்னார்.

இங்கே என் தொழில் குறுக்கே வந்தது. தினசரி காலண்டர் போடுகிற அச்சகம் எங்களுடையது. வருஷம் முழுக்க ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று கட்டம் கட்டமாக அடிக்கிறவன் நான். எந்த நாளைக் காட்டினாலும் அதில் ஒரு குறை சொல்ல என்னால் முடியும். புதன் அஷ்டமி. வியாழன் நவமி. சனிக்கிழமை ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும். ஞாயிறு மச்சினன் வீட்டில் கறிவிருந்து. அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல நாளே பாத்துக்கங்க சார், தப்பில்ல. ஆனா பத்து நாளுக்குள்ள இருக்கணும்." ஒன்பதாவது நாளைச் சொன்னேன். அது ஒரு வெள்ளிக்கிழமை, வளர்பிறை, அமிர்தயோகம். இதைவிட நல்ல நாளில் சிவகாசியில் எவனும் சிகரெட்டை விட்டிருக்க மாட்டான்.

அந்த எட்டு நாளும் சிகரெட்டை விடவேண்டாம், எழுதுங்கள் என்றார். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் மணி, இடம், கூட யார், பத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டது. வேஸ்ட் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். சும்மா வேலை என்றுதான் நினைத்தேன். நாலாவது நாள் தாளைப் பார்த்தபோது கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஒரு நாளைக்குப் பிடித்த பதின்மூன்றில் எட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்கியவை நாலுதான். மிச்சம்? பிடிஎஃப் மெயிலில் போகிறவரை ஒன்று. கரண்டு போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று. பார்ட்டி திருத்தம் சொல்லப் போன் செய்ததும் ஒன்று. மெஷின்மேன் படியிறங்கியதால் ஒன்று. பாதிக்கு மேல் நான் விரும்பிப் பிடித்ததே இல்லை, வேளைகெட்ட வேளையில் கையில் இருந்தது.

காலையில் பிடிக்கிற அந்த முதல் சிகரெட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், எழுதக் கூச்சமாக இருந்தாலும். அது இல்லாமல் எனக்கு வெளிக்குப் போகாது. இருபது வருஷப் பழக்கம். டாக்டரிடம் ஒருமுறை இதைச் சொன்னதற்கு, அவர் நிமிராமல் "அதெல்லாம் மனப்பிரமை" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். போனில் இருந்தவர் அப்படிச் சொல்லவில்லை. விட்ட முதல் சில வாரம் மலச்சிக்கல் வருவது நிஜம், நிக்கோட்டின் குடலையும் கிளப்பிவிடுகிற சாமான், அது நின்றால் குடல் கொஞ்சநாள் மந்தமாக இருக்கும் என்றார். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், பத்து நிமிஷ நடை, ராத்திரி ஒரு கொய்யாப்பழம். இரண்டு வாரம் ஆகும், பயப்படாதீர்கள். நிஜமாகவே இரண்டு வாரம் ஆனது. இந்த ஒரு விஷயத்துக்காகவே திரும்பத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அச்சகத்திலேயே இரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேமுக்காலுக்குப் போன் வந்தது. பெங்களூர் எண். கடன் வேண்டுமா என்று கேட்கிற ஆட்களோ என்று வெட்டப் போனேன். அந்தக் குரல். "சார், இன்னைக்குத்தானே?"

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான். உதவி எண் என்றால் நமக்கு முடியாதபோது நாம் கூப்பிடவேண்டிய எண் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சிகரெட் வேண்டும் என்று நாக்கு துடிக்கிற அந்த நேரத்தில் எவனும் உதவி எண்ணைத் தேடமாட்டான், லைட்டரைத்தான் தேடுவான். நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. மிச்சம் எல்லாம் அவர்கள் கூப்பிட்டதுதான். விட்ட அன்றைக்கு, மூன்றாம் நாள், ஒரு வாரத்தில், அப்புறம் இடைவெளி விட்டு விட்டு.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மக்கள் 1988-இல் ஒரு வாக்கெடுப்பில் சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி போட ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காசில் 1992-இல் மாநிலம் முழுவதற்குமான தொலைபேசி உதவி தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அதை உருவாக்கிய ஷூ-ஹாங் ஜூ என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். விட்டவர்கள் திரும்ப விழுவது மாதங்கள் முழுக்கப் பரவலாக நடப்பதில்லை. முதல் சில நாளிலேயே மளமளவென்று சரிந்துவிட்டு, அப்புறம்தான் வேகம் குறைகிறது. அப்படியிருக்க, வாரத்துக்கு ஒரு போன் என்று சமமாகப் பிரித்துப் பேசுவது என்ன நியாயம்? விழுகிற இடத்தில்தானே தாங்கவேண்டும். அதனால் அழைப்புகளை முன்பக்கமாகக் குவித்தார்கள். எனக்கு வந்த மூன்றாம் நாள் போன் அந்த யோசனையின் பேரப்பிள்ளை.

அந்த மூன்றாம் நாளைப் பற்றி நாலு வார்த்தை. நிக்கோட்டின் உடம்பை விட்டுப் போய், தவிப்பு உச்சியில் நிற்கிற நாள். கம்ப்யூட்டரில் ஒரே பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாசத்தை மார்கழிக்கு அப்புறம் வைத்து பிரூஃப் அனுப்பிவிட்டேன். கை நடுங்கியது. சிகரெட் இல்லாததால் நடுக்கம் என்று நினைத்து டீயாகக் குடித்தேன், ஏழு, எட்டு. போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை டீ என்பதுதான். பாதியாக்கச் சொன்னார். காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை, பிறகு படித்தேன். சிகரெட் புகையில் இருக்கிற சில பொருள்கள் ஈரலை முடுக்கிவிட்டு, டீ காபியில் இருக்கிற கஃபீனைச் சீக்கிரம் கழித்துவிடும். புகை நின்றதும் ஈரல் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். அதே எட்டு டீ இப்போது உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். படபடப்பு, தூக்கமின்மை. பாதி தவிப்பு சிகரெட்டுக்கானது இல்லை, டீ செய்த வேலை. எட்டை நாலாக்கினேன், மறுநாளே கை நின்றது.

நிக்கோட்டின் சூயிங்கம் பற்றியும் அன்றைக்குத்தான் தெளிந்தது. மெடிக்கலில் 2 மில்லிகிராம் வாங்கி, சின்னப்பிள்ளை பபிள்கம் மெல்லுகிற மாதிரி மென்று தள்ளியிருந்தேன். தொண்டை எரிச்சல், விக்கல், குமட்டல். இது மெல்லுகிற சாமான் இல்லையாம். நாலைந்து கடி, நாக்கு சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிடவேண்டும், சுருக்கு அடங்கினதும் மறுபடி நாலு கடி. வெற்றிலை அதக்குகிற மாதிரி என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் ஒரு நொடியில் புரிந்திருக்கும், அவருக்கு அந்த உவமை தோன்றவில்லை. டீ குடித்த கையோடு போட்டால் வாயில் ஏறாது, கால் மணி நேரம் விடவேண்டும். இதெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் மடித்த தாளில் இருக்கிறது, பொடி எழுத்தில். எழுத்து பார்த்துப் பிழைக்கிற நானே படிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தவறினேன்.

சாத்தூர்ப் பக்கம் பெரியப்பா தவறிப்போனார். துஷ்டி வீட்டில் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, வெயில், எடுக்க நேரமாகும் என்ற பேச்சு. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பீடிக்கட்டு, உடைத்து வைத்த சிகரெட். சின்ன வயசில் பெரியப்பா சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போனவன் நான். தாம்பாளம் என் முன்னால் வந்தபோது கை தானாகப் போனது. இதைச் செய்தது நானில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் யோசிக்க ஒரு கணம்கூட இருக்கவில்லை. தாளில் எழுதிய பதின்மூன்று சிகரெட்டில் துஷ்டி வீட்டு சிகரெட் இல்லை, அதுதான் விஷயம். அது தினமும் வருவதில்லை.

முடிந்தது, கம்பம் டீக்கடை மறுபடியும், என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். இரண்டு நாள் கழித்துப் பெங்களூர் எண். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி. எடுக்கவில்லை. அப்பாவிடம் மார்க் ஷீட்டை மறைத்த அதே வயிற்றுக் கலக்கம், நாற்பத்தாறு வயசில். மறுநாள் மூன்றாவது தடவை அடித்தபோது மகள் போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஒண்ணு பிடிச்சிட்டேன் மேடம்."

"ஒண்ணா, பாக்கெட்டா?"

"ஒண்ணுதான். மூணு நாள் முன்னால."

"அதுக்கப்புறம் மூணு நாளாச்சே சார். ரெண்டாவது ஏன் பிடிக்கல?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஏன் பிடித்தாய் என்பதுதான் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. யோசித்துப் பார்த்தேன். வாய் கசந்தது என்றேன். வேறே? வீட்டுக்கு வந்ததும் குளித்தாகவேண்டும், சாவு வீட்டுத் தீட்டு, குளித்துவிட்டு வேறு சட்டை மாற்றினேன், பையில் காசு இல்லை, வெளியே போகவில்லை. "அப்ப குளிக்கிறது உங்களுக்கு வேலை செய்யுது சார், எழுதிக்கங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம், நாக்கு துடித்தபோதெல்லாம் பம்ப்செட்டைப் போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தவிப்பு எப்படியும் சில நிமிஷம்தான், அலை மாதிரி எழும்பி இறங்கிவிடும். ஒரு குளியல் அதைவிட நீளம். சாயங்காலம் நாலு மணிக்கு ஈரத்தலையோடு நான் அச்சகத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏதேதோ பேசினார்கள், பேசட்டும்.

ஒரு சிகரெட் பிடிப்பது வேறு, பழையபடி ஆவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற பழக்கம்தான் என்னை இருபது வருஷம் தோற்கடித்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது நான் அளந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. உலகம் முழுவதும் நடந்த 104 சோதனைகளை, ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற கோக்ரேன் குழு 2019-இல் சேர்த்துப் பார்த்தது. தாங்களாக உதவி எண்ணை அழைத்தவர்களில், கையேடோ ஒரு தடவைச் சின்னப் பேச்சோ மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் ஆறு மாதமோ அதற்கு மேலோ தாண்டியும் புகைக்காமல் இருந்தார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசியபோது, நூற்றுக்குப் பத்து. அவ்வளவுதான், ஏழுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம். தொண்ணூறு பேர் திரும்பவும் பிடிக்கிறார்கள். முதலில் படித்தபோது எனக்குச் சப்பென்று ஆனது. அப்புறம் வேறு மாதிரி யோசித்தேன். 2016-17 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏதோ ஒரு வகையில் புகையிலை பழகியவர்கள் 26 கோடியே 70 லட்சம். வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் புகைப்பவர்கள், அவர்களிலும் சிகரெட்டைவிட பீடி குடிப்பவர்களே ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகைப்பவர்களில் பாதிக்கு மேல் விடவேண்டும் என்று நினைக்கிறவர்கள். இத்தனை பேருக்கு நடுவில், ஆஸ்பத்திரி கட்டாமல், மாத்திரை கொடுக்காமல், ஒரு போனை நாலைந்து தடவை அடித்ததற்கு நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாகக் கிடைக்கிறார்கள் என்றால் அது அற்பம் இல்லை. காலண்டர் தொழிலில் நூற்றுக்கு மூன்று லாபம் கூடினால் முதலாளி மொட்டை போட்டுக்கொள்வார்.

மொழி விஷயத்தையும் சாதாரணமாக விடமுடியாது. அதே கலிபோர்னியாவில் சீனம், கொரிய மொழி, வியட்நாம் மொழி பேசுகிறவர்களுக்கு அவரவர் மொழியில் போனில் பேசிப் பார்த்தார்கள். அதே மொழியில் கையேடு மட்டும் வாங்கியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர் விட்டிருந்தார்கள். தாளில் தன் மொழி இருந்தால் மட்டும் போதவில்லை, குரல் வேண்டியிருந்தது. வெளிக்குப் போகாத கதையை நான் இங்கிலீஷிலோ இந்தியிலோ எப்படிச் சொல்லியிருப்பேன்?

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். என் மச்சினனுக்கு வற்புறுத்தி எண்ணை அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது கேள்வியிலேயே "நீங்க என்ன போலீஸா" என்று கேட்டு வைத்துவிட்டான். அடுத்தவன் அடித்துக் கொடுக்கிற போன் வேலைக்கு ஆகாது, அது என் தப்பு. பேசவே பிடிக்காதவர்களுக்கு 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தியாக வரும் என்று இன்னொரு திட்டமும் அரசு நடத்தியது. எனக்கு அது பழக்கமில்லை. குறுஞ்செய்தியிடம் நான் பொய் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

கடைசியாக அவர் கூப்பிட்டது மழைக்காலத்தில், அடுத்த வருஷக் காலண்டர் வேலை சூடு பிடித்திருந்த நேரம். எடை ஐந்து கிலோ ஏறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டேன். அது வழக்கம்தான் என்றார். பேனாவைப் பற்றிக் கேட்டார். எனக்கே மறந்திருந்தது. எழுதி வைத்திருந்தார், பாருங்கள். "இப்ப மோந்து பாக்குறதில்ல மேடம். வாங்குனா திருப்பிக் குடுக்குறதுமில்ல" என்றேன். பெயர் கேட்கவேண்டும் என்று நினைத்து, கேட்காமலே வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி கடையில் இப்போது கடலைமிட்டாய் வாங்குகிறேன். அதற்கும் கடன் உண்டு, அதுவும் சிகரெட் அட்டையில்தான்.

போன வாரம் மெஷின்மேன் படியேறி மேலே வந்தான். மாலையைப் பார்த்துச் சிகரெட்டை மறைப்பானே, அவன்தான். பிளேட் பற்றி ஏதோ கேட்பான் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தான். அப்புறம் அடுத்த மாசத் தாளைத் திரையில் கொண்டுவரச் சொன்னான். கொண்டுவந்தேன். விரலை ஒரு கட்டத்தில் வைத்தான்.

"அன்னைக்கு நவமியால்ல இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்ணே. பத்து நாளுக்குள்ள வேணுமாம். அந்தம்மா சொல்லிட்டாங்க."